டிஸ்டார்ஷன் கிட்டாரை வீட்டில் பதிவு செய்தால் டப்பாவுக்குள் வண்டு மாதிரி கேட்கிறது. எங்கே தப்பு?

மூணு கார்டு (மஞ்சக்குப்பம், கடலூர்) | ஜூன் 14, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மூன்று பேர்: ஒரு கிட்டார், ஒரு பாஸ், ஒரு டிரம்ஸ். தமிழில் பங்க் ராக். ஐந்து பாட்டு கையில் இருக்கிறது, எதுவும் இரண்டரை நிமிடத்தைத் தாண்டாது. டிரம்ஸை மட்டும் பாண்டிச்சேரியில் ஒரு ஸ்டுடியோவை அரை நாள் வாடகைக்கு எடுத்து முடித்தோம். கையிலிருந்த காசு அங்கேயே தீர்ந்தது. கிட்டார் என் பொறுப்பு. இடம், எங்கள் வீட்டு மொட்டை மாடி அறை, மேலே சிமென்ட் ஷீட்.

என்னிடம் இருப்பது: ஹம்பக்கர் போட்ட சாதாரண கிட்டார், ஒரு டிஸ்டார்ஷன் பெடல் (கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் கால்பெட்டி), 8 இஞ்ச் ஸ்பீக்கர் உள்ள 15 வாட் பிராக்டிஸ் ஆம்ப், இரவல் வாங்கிய எஸ்எம்57 மைக், இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் லேப்டாப்பில் இணைக்கும் பெட்டி), லேப்டாப்பில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள்.

அறையில் வாசிக்கும்போது ஜன்னல் கம்பியே அதிர்கிறது. பதிவைக் கேட்டால் டப்பாவுக்குள் வண்டு. பெடலில் கெயின் (கரகரப்பின் அளவு) முழுசாகத்தான் வைத்திருக்கிறேன். போதவில்லை என்று அதே டேக்கை (ஒரு தடவை வாசித்த பதிவை) நான்கு முறை காப்பி எடுத்து அடுக்கினேன். நான்கு வண்டு. வாசிக்காத நேரத்தில் ஒரு ‘ம்ம்ம்’ சத்தம் வேறு. என்ன செய்யலாம்?

லாஸ்பேட்டை பாஸ் (புதுச்சேரி) | ஜூன் 14, இரவு 11:15

முதல் வேலையாக அந்த நான்கில் மூன்றை அழி. ஒரே டேக்கை நான்கு தடவை ஒட்டினால் நான்கு கிட்டார் ஆகாது. அதே கிட்டார் 12 டெசிபல் கூடுதல் சத்தமாகக் கேட்கும், அவ்வளவுதான். ஒன்றை இடது பக்கமும் ஒன்றை வலது பக்கமும் வைத்தாலும் காதுக்கு நடுவில்தான் கேட்கும், இரண்டு பக்கமும் ஒரே அலைதானே. ஒரு காப்பியை 20 மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் அகலம் வரும் என்று சிலர் சொல்வார்கள். ஹெட்போனில் வரும். டீக்கடையில் யாராவது போனில் போட்டுக் கேட்டால் இரண்டும் ஒன்று சேர்ந்து, பாதி சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும்.

வழி ஒன்றுதான். முதலிலிருந்து கடைசிவரை இன்னொரு முறை வாசி. முதல் டேக் முழுக்க இடது, இரண்டாவது முழுக்க வலது. மனுஷன் கை இரண்டு தடவை ஒரே மாதிரி அடிக்காது. அந்த மயிரிழை வித்தியாசத்தைத்தான் காது ‘பெரிய கிட்டார்’ என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் வித்தியாசம் மயிரிழையாக இருக்க வேண்டும், வைக்கோல் பிரி அளவுக்குப் போனால் குப்பை.

சத்தம் போதும் (கடலூர் ஓ.டி.) | ஜூன் 15, காலை 7:02

பங்க் பாட்டுக்கு இவ்வளவு பஞ்சாங்கம் எதற்கு? அழுக்காக இருந்தால்தானே அது பங்க். அமெரிக்க பங்க் குழு ரமோன்ஸ் 1976-ல் முதல் ஆல்பத்தை ஆறாயிரத்துச் சொச்சம் டாலரில் முடித்தார்கள். அந்தக் காலத்திலேயே அது அடிமாட்டு விலை. அவர்கள் மயிரிழை அளந்துகொண்டா இருந்தார்கள்? வண்டு மாதிரி இருந்தால் வண்டு மாதிரியே வெளியிடு தம்பி.

லாஸ்பேட்டை பாஸ் | ஜூன் 15, காலை 8:30

அதே ஆல்பத்தை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள் அண்ணா. பாஸ் ஒரு பக்கம், கிட்டார் மறு பக்கம், குரலும் டிரம்ஸும் நடுவில். யார் என்ன வாசிக்கிறார்கள் என்று குழந்தைகூடச் சொல்லும். அவர்கள் கிட்டாரிஸ்ட் ஜானி ரமோன் கை மேலே கீழே போவதில்லை, எட்டில் எட்டும் கீழ்நோக்கிய அடி. அந்த வேகத்தில் ஒரு பாட்டு முழுக்க அப்படி அடித்துப் பாருங்கள், மணிக்கட்டு கழன்றுவிடும். காசு குறைவாக இருந்திருக்கலாம், கைவேலை குறைவில்லை.

எர்த் கம்பி (முதலியார்பேட்டை, புதுச்சேரி) | ஜூன் 15, காலை 9:10

நான் கிட்டார் வாசிக்கத் தெரியாத எலக்ட்ரிகல் ஆள். வீட்டில் பையன் வாசிக்கிறான், அதனால் இந்த ‘ம்ம்ம்’ எனக்குப் பழக்கம்.

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அது கிட்டாருக்குள் நுழைந்தால் 50, 100, 150 என்று மடங்கு மடங்காகக் கேட்கும். டிஸ்டார்ஷன் என்ன செய்கிறது என்றால், பெரிய சத்தத்தின் தலையை வெட்டிவிட்டு சின்னச் சத்தத்தைத் தூக்கி அதன் பக்கத்தில் நிறுத்துகிறது. கிளீன் சவுண்டில் காதில் விழாத இரைச்சல், கெயினை முழுசாகத் திறந்தால் வீட்டு ஆள் மாதிரி வந்து உட்கார்ந்துவிடும்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பாதி வீட்டில் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் ஃபேன் ரெகுலேட்டர். பழைய காலத்துப் பெரிய டப்பா ரெகுலேட்டர் சூடாகும், ஆனால் இரையாது. படிப்படியாக ‘டக் டக்’ என்று திரும்பும் புது மாடலும் பெரும்பாலும் தொல்லை தராது. வழுக்கிக்கொண்டே திரும்பும் சின்னக் குமிழ் இருக்கிறதே, அது கரண்ட் அலையை வெட்டி வெட்டி விடுகிற ரகம். அந்த வெட்டுதான் கிட்டாரில் ‘ஜ்ர்ர்’ என்று வரும். ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள், அல்லது நிறுத்திவிடுங்கள். டியூப் லைட் சோக், மலிவான எல்இடி பல்ப், இன்வெர்ட்டர் எல்லாம் அதே குடும்பம். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவு செய்யவே வேண்டாம்.

கிட்டார் கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதா, கூடுகிறதா? குறைந்தால் பயமில்லை, அது எல்லா கிட்டாருக்கும் உள்ளதுதான். கூடினாலோ, விரலில் சுருக்கென்று பிடித்தாலோ, வாசிப்பதை நிறுத்திவிட்டு வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆம்ப் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போகும் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். உயிர் சமாச்சாரம்.

மூணு கார்டு | ஜூன் 15, இரவு 9:48

எர்த் கம்பி அண்ணா, சார்ஜரைப் பிடுங்கினேன், முக்கால்வாசி இரைச்சல் போய்விட்டது. மீதி ரெகுலேட்டர்தான். வழுக்குகிற குமிழேதான்! ஃபேனை நிறுத்திவிட்டு வாசித்தேன். ஜூன் மாதம், சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே. இரண்டாவது பாட்டில் பிக் கையிலிருந்து வழுக்கி ஆம்புக்குப் பின்னால் போய் விழுந்தது.

லாஸ்பேட்டை அக்கா சொன்னபடி இரண்டு தடவை தனித்தனியாக வாசித்தேன். அகலம் வந்துவிட்டது. ஆனால் வண்டு போகவில்லை. இப்போது இடது பக்கம் ஒரு வண்டு, வலது பக்கம் ஒரு வண்டு.

சவுண்ட் சர்வீஸ் (நெல்லிக்குப்பம்) | ஜூன் 16, காலை 6:20

தம்பி, நமக்கு 30 வருஷமாகக் கோயில், கல்யாணம், கட்சிக் கூட்டம். கிட்டார் ரெக்கார்டிங் தெரியாது, ஆனால் மைக்கும் ஸ்பீக்கரும் தெரியும்.

மைக்கை எங்கே வைத்தாய்? ஸ்பீக்கர் நடுவில் உள்ள மூடிக்கு நேரா வைத்தால் கீச்சென்று இருக்கும். ஓரம் போகப் போகச் சத்தம் தடிக்கும். மூடிக்கும் கோனுக்கும் நடுவே ஒட்டு இருக்கிறதல்லவா, அங்கிருந்து ஆரம்பி. துணி மறைத்தால் போன் டார்ச்சை அடித்துப் பார், உள்ளே தெரியும். துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி வை. ரொம்ப ஒட்டினால் அடித்தொண்டை கூடிவிடும், அந்த ரக மைக்கின் குணம் அது.

ஆம்பைத் தரையில் வைக்காதே. ஸ்டூல் மேல் தூக்கி வை. பின்னால் வெறும் சுவர் இருந்தால் ஒரு இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்து. சிமென்ட் ஷீட் கூரை தகரம் மாதிரி சத்தத்தைத் திருப்பி அடிக்கும், முடிந்தால் மேலே பழைய போர்வையைக் கட்டு.

இன்னொன்று. ஒரு ஆள் ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும், ஒரு ஆள் மைக்கை நகர்த்த வேண்டும். யாரும் வாசிக்க வேண்டாம். ஆம்பைத் திறந்துவிட்டு வரும் ‘உஸ்ஸ்’ சத்தத்தை மட்டும் கேள். மைக் நகர நகர அந்த உஸ்ஸின் நிறம் மாறும். காதைக் குத்தாமல், கம்பளிக்குள் போன மாதிரியும் இல்லாமல் ஒரு இடம் வரும். அங்கே சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்.

எர்த் கம்பி | ஜூன் 16, காலை 8:05

அண்ணே, அந்த உஸ்ஸ் வித்தை அருமை. நான் சொல்ல வந்தது வேறு. தம்பி, கெயினை முழுசாக வைத்திருக்கிறேன் என்றீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது. டிஸ்டார்ஷன் என்பது சத்தத்தோடு சத்தத்தைக் கூட்டி, கழித்து, புதுச் சத்தம் பிறப்பிக்கும் கருவி. தடித்த ‘இ’ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ், அதன் மேல் ‘பி’ சுமார் 123. இரண்டையும் சேர்த்து அடித்தால் வித்தியாசம் 41. அது அதே ‘இ’, ஒரு ஸ்தாயி கீழே. பிறக்கும் பிள்ளை குடும்பத்துச் சாயலிலேயே இருக்கிறது. இப்படி இரண்டு சுரம் மட்டும் உள்ள பவர் கார்டு டிஸ்டார்ஷனில் திடமாக நிற்பது இதனால்தான். மேஜர் கார்டாக மூன்றாவது சுரத்தையும் சேர்த்தால், நம் ஃப்ரெட் போர்டில் அந்தச் சுரம் இயற்கையான இடத்தைவிட 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூற்றுக்கு 14 பங்கு) மேலே இருக்கும். கிளீனில் தெரியாது. கெயின் ஏற ஏற அது உறுமி, கலங்கி, கூழாகிவிடும். பையன் கத்துவான், ‘அப்பா, கிட்டார் ரிப்பேர்’ என்று. ரிப்பேர் இல்லை, கணக்கு.

லாஸ்பேட்டை பாஸ் | ஜூன் 16, காலை 8:40

அதனால்தான் சொல்கிறேன், கெயினைப் பாதிக்கு இறக்கு. வாசிக்கும்போது ‘சே, பல்லில்லாத கிழவன் மாதிரி இருக்கிறதே’ என்று தோன்றும். தோன்றட்டும். இடது வலது இரண்டு டேக்கும் சேர்ந்து ஒலிக்கும்போது அழுக்கும் கூடும். தனியாகக் கேட்கும்போது சரியாக இருக்கும் கெயின், இரண்டு சேர்ந்தால் அதிகம். கெயின் குறைந்தால் பிக் கம்பியில் படும் ‘டக்’ கேட்கும். பங்கில் வேகம் அந்த ‘டக்’கில்தான் இருக்கிறது. கெயின் கூடினால் ஒவ்வொரு அடியும் அடுத்த அடியோடு ஒட்டிக்கொண்டு, நீ எவ்வளவு வேகமாக அடித்தாலும் ஒரே இழுப்பாகக் கேட்கும்.

இன்னொரு சந்தேகம். இன்டர்ஃபேஸில் இரண்டு இன்புட் என்றாயே. ஒன்றில் மைக். இன்னொன்றில் என்ன?

மூணு கார்டு | ஜூன் 16, மதியம் 1:12

இன்னொன்றில் பெடலில் இருந்து நேராக ஒரு வயர். சும்மா இருக்கிறதே, வீணாகப் போக வேண்டாம் என்று இரண்டையும் கலந்து வைத்திருந்தேன்.

லாஸ்பேட்டை பாஸ் | ஜூன் 16, மதியம் 1:14

அடப்பாவி! வண்டு அங்கேதான் இருக்கிறது!

எர்த் கம்பி | ஜூன் 16, மதியம் 1:40

சிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். கிட்டார் ஸ்பீக்கர் ஹைஃபை ஸ்பீக்கர் இல்லை. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் குரல் சரசரவென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் பெடல் மேலே பிறப்பிக்கும் கீச்சுக் குப்பையை எல்லாம் வடிகட்டுவது அந்த ஸ்பீக்கர்தான். பெடலை நேராகக் கம்ப்யூட்டருக்குள் விட்டால் வடிகட்டி இல்லாத காபி, அத்தனை தூளும் வாயில்.

அந்த இரண்டாவது இன்புட்டை வீணாக்க வேண்டாம் என்றால் வேறு வழி உண்டு. பெடலுக்கு முன்னால், கிட்டாரின் சுத்த சிக்னலை அதில் எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்ட்ருமென்ட் என்று போட்டிருக்கும் பட்டனை அழுத்த மறக்காதீர்கள், இல்லையென்றால் கிட்டார் மந்தமாகிவிடும். 24 பிட், உச்சம் -12 முதல் -6 டெசிபல் வரை நின்றால் போதும், சிவப்பைத் தொட வேண்டாம். அப்புறம் மைக் டேக் பிடிக்கவில்லை என்றால் அந்தச் சுத்த டேக்கை மென்பொருள் ஆம்புக்குள் விடலாம். நியூரல் ஆம்ப் மாடலர் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்பீக்கர் பெட்டியின் குரலைப் பிடித்து வைத்திருக்கும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்ற ஃபைலையும் அதன் பின்னால் போட வேண்டும். பையன் முதலில் அதைப் போடாமல் விட்டுவிட்டு, உங்களை மாதிரியே வண்டு வளர்த்தான்.

சத்தம் போதும் | ஜூன் 16, மாலை 6:33

மென்பொருள் ஆம்ப், கோப்பு, வடிகட்டி. அடுத்து என்ன, கிட்டாருக்கு ஆதார் எண்ணா? ஆம்பை வை, மைக்கை வை, வாசி. இரவு 10 மணிக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால் டேக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

மூணு கார்டு | ஜூன் 16, இரவு 9:20

பக்கத்து வீட்டுத் தாத்தா ஏற்கெனவே வந்துவிட்டார் அண்ணா. திட்டவில்லை. ‘மோட்டார் ஓடுதா தம்பி, டேங்க் நிரம்பிடப் போகுது’ என்றார்.

மூணு கார்டு | ஜூன் 22, இரவு 11:05

ஒரு வாரம் ஓடிவிட்டது. விவரம் சொல்கிறேன்.

பெடல் வயரைப் பிடுங்கினேன். கெயின் பாதிக்கும் கீழே. ஆம்ப் ஸ்டூல் மேல், பின்னால் பாட்டியின் மெத்தை. தங்கையை மைக் நகர்த்த வைத்து உஸ்ஸ் கேட்டேன். சாக்பீஸ் கோடு மூடியின் ஓரத்திலிருந்து ஒரு விரல் வெளியே விழுந்தது. வித்தியாசம் நம்ப முடியவில்லை. முதல் தடவையாக அது கிட்டார் மாதிரி கேட்கிறது.

புதுத் தொல்லை ஒன்று. இடது டேக்கும் வலது டேக்கும் சேர்ந்தால் சுருதி விலகுகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் டியூனரில் பார்த்துத்தான் வாசிக்கிறேன்.

லாஸ்பேட்டை பாஸ் | ஜூன் 23, காலை 7:50

கம்பி எப்போது மாற்றியது?

மூணு கார்டு | ஜூன் 23, காலை 8:01

பொங்கலுக்கு.

லாஸ்பேட்டை பாஸ் | ஜூன் 23, காலை 8:20

கடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஐந்து மாதக் கம்பி! உப்புக்காற்றில் ஒரு மாதத்திலேயே தடவினால் விரல் கறுக்கும். துருவேறிய கம்பி அதன் நீளம் முழுக்க ஒரே கனத்தில் இருக்காது, மேலே போகப் போகச் சுருதி விலகும். புதுக் கம்பி மாற்று, நன்றாக இழுத்து இழுத்து நிலைக்க விடு, 12-வது ஃப்ரெட்டில் அழுத்திப் பார்த்து பிரிட்ஜில் இன்டொனேஷனை (எந்த ஃப்ரெட்டிலும் சுருதி விலகாதபடி கம்பியின் நீளத்தை) சரி செய். வாசித்து முடித்ததும் உலர்ந்த வேட்டித் துணியால் துடைத்து, பெட்டிக்குள் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு மூடு.

டியூனரில் மெல்லத் தட்டிச் சுருதி சேர்த்துவிட்டு, பாட்டில் பேயறை அறைந்தால் கம்பி மேலே ஏறிவிடும். பாட்டில் அடிக்கும் வேகத்திலேயே அடித்துச் சுருதி சேர். பாட்டுக்கு ஒரு தடவை போதாது, டேக்குக்கு ஒரு தடவை.

பாஸை மறந்துவிடாதே. என் கட்சி என்பதால் சொல்லவில்லை. கிட்டாரில் நீ தேடுகிற கனம் பாதி பாஸில் இருக்கிறது. கிட்டாரில் 90, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடு, அந்த இடம் பாஸுக்கு. பாஸ் டிராக்கை இரண்டாகப் பிரித்து, 200-க்குக் கீழே சுத்தமாக விட்டு, மேலே உள்ளதற்கு மட்டும் கொஞ்சம் டிஸ்டார்ஷன் கொடு. இரண்டு கிட்டாருக்கும் நடுவே மூன்றாவது கிட்டார் ஒன்று இருக்கிற மாதிரி இருக்கும். கிட்டாரின் நடுப்பகுதியைக் குடைந்து எடுத்துவிடாதே. தனியாகக் கேட்டால் குடைந்தது ஜோராக இருக்கும், டிரம்ஸ் வந்ததும் காணாமல் போய்விடும்.

சவுண்ட் சர்வீஸ் | ஜூன் 24, காலை 6:05

தம்பி, ஒரு கோட்டி யோசனை. நம்மிடம் குழாய் ஸ்பீக்கர் சும்மா தொங்குகிறது. அதன் குரல் தெரியும்தானே, அடியும் இல்லாமல் நுனியும் இல்லாமல் நடுவில் மட்டும் ஊரைக் கிழிக்கும். உன் கிட்டாரை அதில் விட்டுத் திரும்ப மைக்கில் பிடித்தால் என்ன?

எர்த் கம்பி | ஜூன் 24, காலை 7:30

அண்ணே, இது நல்ல யோசனை! ரீஆம்பிங் என்று பெரிய ஸ்டுடியோக்களில் செய்வதே இதுதான். ஆனால் இரண்டு எச்சரிக்கை. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் வயரை, குழாயின் பின்னால் இருக்கும் 100 வோல்ட் லைன் யூனிட்டில் நேராக மாட்டாதீர்கள். இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டை சவுண்ட் சர்வீஸ் ஆம்பின் ஆக்ஸ் இன்புட்டில் கொடுத்து, அதிலிருந்து யூனிட்டுக்குப் போகட்டும். அதற்கு முன்னால் கம்ப்யூட்டரிலேயே 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அடிச்சத்தம் உள்ளே போனால் யூனிட்டின் டயாப்ரம் (அதிர்ந்து சத்தம் எழுப்பும் மெல்லிய தகடு) கிழிந்துவிடும்.

சவுண்ட் சர்வீஸ் | ஜூன் 24, காலை 7:36

டயாப்ரம் கிழிந்தால் தம்பி செலவு. சொல்லிவிட்டேன்.

மூணு கார்டு | ஜூலை 7, இரவு 10:30

ஞாயிற்றுக்கிழமை நெல்லிக்குப்பம் போய் அண்ணனின் குடோனில் குழாயை ஒரு கயிற்றுக் கட்டில் மேல் படுக்க வைத்து எடுத்தோம். ஒரு டேக்கின் சுத்த சிக்னலை மென்பொருளில் கொஞ்சம் டிஸ்டார்ஷன் ஏற்றி அனுப்பினேன். தனியாகக் கேட்டால் சகிக்கவில்லை, யாரோ வேப்பமரத்திலிருந்து திட்டுகிற மாதிரி. இடது வலது கிட்டாருக்கு நடுவில், ரொம்பக் கீழே, பல்லவி வரும்போது மட்டும் தூக்கினால் பாட்டு எழுந்து உட்காருகிறது. வெறும் பிளக்இன் (மென்பொருள் எஃபெக்ட்) போட்டு இதே மாதிரி செய்து பார்த்தேன், வரவில்லை. குடோனின் எதிரொலியும் அதில் சேர்ந்திருக்கிறது போல.

ஐந்து பாட்டில் மூன்றுக்குத்தான் குழாய். மற்ற இரண்டுக்கும் வெறும் இரண்டு டேக் போதும். நான்காவது பாட்டில் மட்டும் ‘சத்தம் போதும்’ அண்ணன் பேச்சைக் கேட்டு, ரமோன்ஸ் மாதிரி ஒரே ஒரு கிட்டாரை ஒரு பக்கம் வைத்து, பாஸை மறு பக்கம் தள்ளிவிட்டேன். அவர் கேட்டுச் சொல்லட்டும்.

சத்தம் போதும் | ஜூலை 8, காலை 6:50

கேட்டேன். நான்காவதுதான் நன்றாக இருக்கிறது. அதிலும் கிட்டார் கொஞ்சம் சுத்தம் அதிகம்.

லாஸ்பேட்டை பாஸ் | ஜூலை 8, காலை 9:15

மூன்றாவது பாட்டின் முடிவில் வலது கிட்டார் கை வைத்து நிறுத்துகிறது, இடது கிட்டார் அரை நொடி கழித்து நிற்கிறது. எல்லோரும் ஒன்றாக நிற்க வேண்டிய இடம் அது. அதை மட்டும் திரும்ப வாசி. கத்தரித்து ஒட்டாதே, வால் தெரியும். பாஸ் சத்தம் இன்னும் ஒரு டெசிபல் ஏற்று. இதுவும் கட்சிக்காகச் சொல்லவில்லை.

மூணு கார்டு | ஜூலை 8, இரவு 8:40

இன்று இரவே வாசித்துவிடுகிறேன் அக்கா, ஃபேனை நிறுத்திவிட்டு. நெல்லிக்குப்பம் அண்ணே, அன்று இரவல் கொடுத்தனுப்பிய யூனிட்டை சனிக்கிழமை கொண்டு வந்துவிடட்டுமா? டயாப்ரம் நன்றாக இருக்கிறது.

சவுண்ட் சர்வீஸ் | ஜூலை 9, காலை 6:10

கொண்டு வா தம்பி. ஆடி பிறக்கப் போகிறது, முதல் வெள்ளிக்கே மூன்று கோயில் புக்கிங்.